ஹார்மோன் கோளாறும் கருப்பை உட்சுவரும்: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

ஸ்கேன் ரிப்போர்ட்டின் நடுவில் ஒரு வரி: "எண்டோமெட்ரியம் 14 மி.மீ.", அதாவது கருப்பை உட்சுவரின் தடிமன். பக்கத்திலேயே 'தடித்துள்ளது' என்று ஒரு சொல். அவ்வளவுதான், வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செல்போனில் தேடிப் புற்றுநோய் வரைக்கும் போய்விட்டு வந்திருப்போம். இன்னொருவருக்கு அதே வரியில் 6 மி.மீ. என்று இருக்கும், கரு தங்காதோ என்று அவருக்குத் தூக்கம் போயிருக்கும். இரண்டு பேருக்குமே அந்த எண் தனியாக எதையும் சொல்லிவிடாது. ஸ்கேன் எடுத்தது மாதவிடாய் தொடங்கி எத்தனையாவது நாள்? அந்த மாதம் முட்டை வெடித்ததா? இவை தெரிந்தால்தான் 14-க்கோ 6-க்கோ பொருள் உண்டு. 23-ஆம் நாளில் 14 மி.மீ. இயல்பானது. 4-ஆம் நாளில் 14 மி.மீ. என்றால் ஏன் என்று பார்க்க வேண்டும். வயதாகி மாதவிடாய் முற்றிலும் நின்ற பின் இரத்தம் பட்டு, ஸ்கேனில் 14 மி.மீ. வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே போகும்.

படி 1: உட்சுவர் மாதம் முழுக்க என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கருப்பையின் உட்சுவருக்கு இரண்டு அடுக்கு. அடியில் இருப்பது நிரந்தரமானது, அது உதிர்வதில்லை. மேலே இருப்பது மாதா மாதம் வளர்ந்து, உதிர்ந்து, அடியிலிருந்து மறுபடி முளைப்பது. இவ்வளவு இரத்தப்போக்குக்குப் பிறகும் தழும்பே இல்லாமல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் திசு உடம்பில் வேறு எங்கும் இப்படி இல்லை என்றே சொல்லலாம்.

மாதவிடாய் நாட்களில் உட்சுவர் சுமார் 2 முதல் 4 மி.மீ. இருக்கும். அப்புறம் சினைப்பையில் வளரும் முட்டைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்க, உட்சுவர் 5, 7, 9 என்று ஏறும். முட்டை வெடிக்கும் சமயத்தில் ஸ்கேனில் மூன்று கோடுகள் தெளிவாகத் தெரியும். 'ட்ரிப்பிள் லைன்' என்று ரிப்போர்ட்டில் வருவது இதுதான். நோய் எதுவும் இல்லை, நல்ல அறிகுறி. முட்டை வெடித்ததும் அந்த வெற்றுப் பை மஞ்சள் நிற உறுப்பாக மாறி புரோஜெஸ்டிரோனைக் கொடுக்கத் தொடங்கும். பயிரை ஓங்கி வளர விடுவது ஈஸ்ட்ரோஜன், அதைக் கதிர் பிடிக்க வைப்பது புரோஜெஸ்டிரோன். இந்தக் கட்டத்தில் உட்சுவர் 7 முதல் 16 மி.மீ. வரை போகலாம். முட்டை வெடித்து 6 முதல் 10 நாட்களுக்குள் கரு வந்து ஒட்டிக்கொள்ளத் தோதான சில நாட்கள் அமையும்.

கரு வரவில்லை என்றால் சுமார் 14 நாளில் புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்கும். அந்த இறக்கம்தான் மாதவிடாய்க்கான சமிக்ஞை. இரத்தக் குழாய்கள் சுருங்கி, மேலடுக்கு மொத்தமாக ஒரே சீராக உதிர்கிறது. சீராக உதிர்வதால்தான் ஐந்தாறு நாளில் தானாகவே நின்றும் விடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படி முழுக்க இதன் மீதுதான் நிற்கிறது.

படி 2: உங்கள் கோளாறு எந்தப் பக்கம் என்று பாருங்கள்

'ஹார்மோன் இம்பேலன்ஸ்' என்பது ஒரு நோயின் பெயர் ஆகாது. மருத்துவர் அதை மட்டும் சொல்லி அனுப்பினால், "எந்த ஹார்மோன், கூடியதா குறைந்ததா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உட்சுவரைப் பொறுத்தவரை கோளாறு மூன்று விதமாகத்தான் வரும்.

முதலாவது, அதிகம் பார்ப்பது: ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, அதைக் கட்டுப்படுத்தப் புரோஜெஸ்டிரோன் இல்லை. காரணம், முட்டை வெடிக்கவில்லை. வெடிக்காவிட்டால் மஞ்சள் உறுப்பு இல்லை, புரோஜெஸ்டிரோனும் இல்லை. உட்சுவர் வளர்ந்துகொண்டே போகிறது. இரண்டு மாதம், மூன்று மாதம் நாள் தள்ளிப் போகிறது. பிறகு தாங்க முடியாமல் அங்கங்கே பிய்ந்து உதிர ஆரம்பிக்கிறது. ஒரே சீராக உதிராததால் நிற்பதும் இல்லை. பதினைந்து இருபது நாள் விடாமல் படுவது, நடுநடுவே கட்டி கட்டியாகக் கொட்டுவது எல்லாம் இப்படித்தான். பிசிஓஎஸ் (ஆண் ஹார்மோன் கூடி, முட்டை ஒழுங்காக வெடிக்காத சினைப்பைக் கோளாறு) உள்ளவர்களிடம் இது அதிகம். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளிலும், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளிலும் இப்படி ஆவது சகஜம். உடல் எடை கூடியிருந்தால் கொழுப்புத் திசுவே அரோமடேஸ் என்ற என்சைமால் ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக் கொடுக்கும். இன்சுலின் அதிகமாகச் சுரப்பது சினைப்பையை ஆண் ஹார்மோன் பக்கம் தள்ளி, முட்டை வெடிப்பதை இன்னும் கெடுக்கும். மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரைக்கும் இங்கே இடம் உண்டு: மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுப்பது, கருப்பை உட்சுவரில் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துகொள்கிறது.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வரலாறே சாட்சி. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தனி ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளை ஏராளமாக எழுதிக் கொடுத்து வந்தார்கள். 1975-இல் வெளியான இரண்டு ஆய்வுகள், அந்த மாத்திரை எடுத்தவர்களிடம் உட்சுவர்ப் புற்று அதிகம் என்று காட்டின. அதற்குப் பிறகுதான் கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கூடவே புரோஜெஸ்டிரோனும் கொடுப்பது விதியானது.

இரண்டாவது விதம்: ஈஸ்ட்ரோஜனே போதவில்லை. கடுமையாகச் சாப்பாட்டைக் குறைத்தவர்கள், மிதமிஞ்சி உடற்பயிற்சி செய்பவர்கள், நீண்ட மன அழுத்தத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு மூளையிலிருந்து சினைப்பைக்குப் போக வேண்டிய உத்தரவே குறைந்துவிடும். பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் கூடினாலும் அதே கதைதான். உட்சுவர் மெலிந்து, மாதவிடாய் லேசாகி, நின்றும் போகும். தைராய்டு குறைவு சிலருக்குப் புரோலாக்டினைக் கூட்டிவிடும், சிலருக்கு இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். இரண்டு பக்கமும் விளையாடும்.

மூன்றாவதில் ஹார்மோன்கள் சரி, உட்சுவர்தான் பழுது. கருக்கலைப்புக்கோ பிரசவத்துக்கோ பிறகு கருப்பையைச் சுரண்டியதால் அடியடுக்கு காயப்பட்டு, சுவரும் சுவரும் ஒட்டிக்கொள்வது ஆஷர்மன் நோய். காசநோய் கருப்பையைத் தாக்கினாலும் இதே மாதிரி தழும்பாகும். சதை வளர்ச்சியான பாலிப், நீண்டநாள் உட்சுவர் அழற்சி ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். இங்கே ஹார்மோன் மாத்திரையை எவ்வளவு விழுங்கினாலும் பயன் குறைவு. இதைக் கண்டுபிடிக்காமல் மாதக்கணக்கில் மாத்திரை மாற்றிக்கொண்டே போவதுதான் பெரிய கால விரயம்.

எண்டோமெட்ரியோசிஸ் இந்த மூன்றிலும் சேராது. அது உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது. பெயர் ஒத்திருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

படி 3: மூன்று மாதம் குறித்து வையுங்கள்

ஆப் வேண்டுமென்றில்லை, காலண்டர் போதும். முதல் நாள், நின்ற நாள், எத்தனை நாப்கின், கட்டி வந்ததா, நடுவில் பட்டதா, உறவுக்குப் பின் பட்டதா. பெரியவர்களுக்கு 24 முதல் 38 நாள் இடைவெளியும், 8 நாள் வரை இரத்தப்போக்கும் இயல்பு. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 45 நாள் இடைவெளி வரை பொறுக்கலாம். எந்த வயதிலும், கர்ப்பம் இல்லாமலே 90 நாள் தாண்டினால் அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

முட்டை வெடித்ததா என்பதை வீட்டிலேயே ஓரளவு ஊகிக்கலாம். சுழற்சியின் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பான திரவம், காலை உடல் வெப்பநிலையில் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் உயர்வு, மாதவிடாய்க்கு முன் மார்பில் வலி, மாதம் தவறாத ஒழுங்கு ஆகியவை சேர்ந்து வந்தால் பெரும்பாலும் வெடிக்கிறது. முட்டை வெடிப்பைத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைச் சிறுநீரில் பார்க்க, கடையில் கிடைக்கும் கிட்டை பிசிஓஎஸ் உள்ளவர்கள் முழுசாக நம்ப வேண்டாம். அவர்களுக்கு எல்.எச். எப்போதும் கூடுதலாக இருக்கலாம், வெடிக்காமலே கோடு காட்டும்.

குறிப்பு எழுத மூன்று மாதம் ஆகிறதே என்று சில விஷயங்களைத் தள்ளிப்போடக் கூடாது. மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து சில மணி நேரம் நனைவது, தலைசுற்றல், மூச்சிரைப்பு, மயக்கம், கர்ப்பமாக இருக்கலாம் என்ற நிலையில் இரத்தமும் அடிவயிற்று வலியும், மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி இரத்தம். இதில் கடைசியைத் தவிர மற்றவற்றுக்கு அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போகலாம். கடைசிக்கு அவசரப் பிரிவு வேண்டாம், ஆனால் அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

படி 4: இரத்தப் பரிசோதனையைச் சரியான நாளில் செய்யுங்கள்

நாள் தள்ளிப் போன யாருக்கும் முதல் பரிசோதனை கர்ப்பப் பரிசோதனைதான். "எனக்கு வாய்ப்பே இல்லை" என்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அதற்கடுத்து டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), புரோலாக்டின், முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பின் அளவு). இரத்தப்போக்கு அதிகமுள்ளவர்கள் ஃபெரிட்டினை விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே இரும்புச்சத்துச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். எஃப்.எஸ்.எச். (முட்டைப்பையை வளர்க்கும் ஹார்மோன்), எல்.எச்., ஈஸ்ட்ராடயால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) மூன்றையும் மாதவிடாயின் 2 முதல் 4-ஆம் நாளுக்குள் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். முகத்தில் முடி, பரு, நாள் தள்ளுதல் இருந்தால் டெஸ்டோஸ்டிரோன், சர்க்கரை, கொழுப்பு ஆகியவையும் சேரும்.

புரோஜெஸ்டிரோனில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். '21-ஆம் நாள் பரிசோதனை' என்று பெயர் வந்துவிட்டதால் எல்லோரும் 21-ஆம் நாள் போய் நிற்கிறார்கள். அது 28 நாள் சுழற்சிக்கு மட்டுமே பொருந்தும். அடுத்த மாதவிடாய்க்கு 7 நாள் முன்பு எடுப்பதே கணக்கு. 35 நாள் சுழற்சி உள்ளவர் 28-ஆம் நாள் போக வேண்டும். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெடித்திருக்கிறது என்று கொள்ளலாம். 35 நாள் சுழற்சிக்காரர் 21-ஆம் நாள் எடுத்துக் குறைவு என்று வந்து, தேவையில்லாமல் மாத்திரை தொடங்கிய கதைகள் ஏராளம்.

முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தைராய்டு உட்பட பல ஹார்மோன் பரிசோதனைகளின் முடிவை அது திரித்துவிடும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் போங்கள், ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள். புரோலாக்டின் லேசாக உயர்ந்திருந்தால் பதறாமல் மறுபடி ஒருமுறை, ஓய்வாக உட்கார்ந்த பிறகு எடுத்துப் பாருங்கள். ஊசிக்குப் பயந்தாலே அது ஏறும். வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன் போன்ற மாத்திரைகளாலும் ஏறும்.

படி 5: ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

உட்சுவரைப் பார்க்கப் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன்தான் சிறந்தது. அதற்குச் சிறுநீரைக் கழித்துவிட்டுப் போக வேண்டும். வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேனுக்குத்தான் தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டும். பாலிப் இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால் அந்த மாத இரத்தப்போக்கு நின்றவுடன், சுமார் 5 முதல் 10-ஆம் நாளுக்குள் போங்கள். அப்போது உட்சுவர் மெலிதாக இருப்பதால் பாலிப் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. மாதவிடாய்க்கு முன் எடுத்தால் தடித்த உட்சுவரே பாலிப் மாதிரி தெரியும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும், மேலே உங்கள் கடைசி மாதவிடாய் தேதி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தவறாக இருந்தால் கீழே எழுதியதெல்லாம் தவறாகப் படிக்கப்படும். பிறகு 'இ.டி.' என்ற அளவு, அதாவது உட்சுவரின் தடிமன். அதற்குப் பக்கத்தில் வரும் சொற்கள் அளவைவிட முக்கியம்: சீராக இருக்கிறதா, நடுக்கோடு தெரிகிறதா, நீர்க்குமிழ்கள் போல இருக்கிறதா, ஒரு இடத்தில் மட்டும் புடைத்து அதற்குத் தனியாக ஓர் இரத்தக் குழாய் போகிறதா. கடைசியாகச் சொன்னது பாலிப்பின் அடையாளம்.

மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு 'இத்தனை மி.மீ. தாண்டினால் ஆபத்து' என்று ஒரு பொதுக்கோடு கிடையாது. மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டவருக்குக் கோடு உண்டு: 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் புற்றுநோய் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அதற்குமேல் என்றால் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். 4-க்குக் கீழே இருந்தும் இரத்தம் மறுபடி மறுபடி பட்டால், அப்போதும் பார்க்க வேண்டும்.

படி 6: பயாப்ஸி சொன்னால்

45 வயதுக்கு மேல் தாறுமாறான இரத்தப்போக்கு இருந்தால் பயாப்ஸி (உட்சுவரின் திசுவை எடுத்துச் சோதிப்பது) கேட்பது வழக்கம். இளையவர்களுக்கும் உடல் பருமன், பல ஆண்டு பிசிஓஎஸ், மருந்துக்கு அடங்காத இரத்தப்போக்கு, குடும்பத்தில் குடல் புற்றும் கருப்பைப் புற்றும் வந்திருப்பது போன்ற காரணங்கள் இருந்தால் கேட்பார்கள். கேட்டதும் புற்றுநோய் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான முடிவுகள் அப்படி வருவதில்லை.

சுமார் 3 மி.மீ. அகலமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு, உறிஞ்சித் திசு எடுப்பார்கள். மயக்க மருந்து பொதுவாகத் தேவையில்லை. குழாய் உள்ளே இருக்கும் ஒரு நிமிடம் போல, கடுமையான மாதவிடாய் வலி வருகிற மாதிரி இழுத்துப் பிடிக்கும். "கொஞ்சம்தான் வலிக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். சிலருக்கு நன்றாகவே வலிக்கும். ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள், மயக்கத்தில் ஹிஸ்டெரோஸ்கோபி (கருப்பைக்குள் கேமராக் குழாய் விடுவது) செய்து பார்த்து எடுக்கும் வழி இருக்கிறது. பாலிப் போன்று ஒரே இடத்தில் இருப்பதைக் குழாய் தவறவிடலாம், அதற்கும் ஹிஸ்டெரோஸ்கோபிதான் சரி.

முடிவில் 'ப்ரோலிஃபரேட்டிவ்' என்றால் ஈஸ்ட்ரோஜன் கட்டம், 'செக்ரிட்டரி' என்றால் புரோஜெஸ்டிரோன் வந்துவிட்டது. 25-ஆம் நாளில் எடுத்த திசு இன்னும் ப்ரோலிஃபரேட்டிவ் என்று சொன்னால், அந்த மாதம் முட்டை வெடிக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. 'ஹைப்பர்ப்ளேசியா' (உட்சுவர் அளவுக்கு மீறி வளர்ந்திருப்பது) என்றால் அடுத்த சொல்லைத் தேடுங்கள். ஏட்டிபியா (செல்களின் தோற்றம் இயல்பு மாறியிருப்பது) இல்லை என்றால் 20 ஆண்டுகளில் அது புற்றாக மாறும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. மருந்திலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். ஏட்டிபியா உண்டு என்றால் கதை வேறு. அந்த நேரத்திலேயே உள்ளே புற்று மறைந்திருக்கலாம் என்பதால், குழந்தைப்பேறு முடிந்தவர்களுக்குக் கருப்பையை எடுக்கவே பரிந்துரைப்பார்கள். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு நெருக்கமான கண்காணிப்போடு மருந்து கொடுக்கும் வழியும் உண்டு, அதைப் புற்றுநோய் அனுபவமுள்ள மகப்பேறு மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

படி 7: சிகிச்சை

புரோஜெஸ்டிரோன் இல்லாததுதான் குறை என்றால் அதைக் கொடுப்பதுதான் சிகிச்சை. பிசிஓஎஸ் உள்ள, இப்போதைக்குக் குழந்தை வேண்டாதவருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10 முதல் 14 நாள் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுப்பார்கள். நிறுத்திய சில நாளில் மாதவிடாய் வரும். வரவே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்: ஈஸ்ட்ரோஜன் குறைவு, அல்லது கர்ப்பம், அல்லது கருப்பைச் சுவர்கள் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கூட்டுக் கருத்தடை மாத்திரையும் உட்சுவரைப் பாதுகாக்கும். கண் முன் ஒளி மின்னுவது போன்ற முன்னறிகுறியோடு (ஆரா) வரும் ஒற்றைத் தலைவலி, உயர் இரத்த அழுத்தம், முன்பு இரத்தக் கட்டி, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் ஆகியவை இருந்தால் அது கூடாது. அதனால்தான் தோழிக்கு எழுதிய சீட்டை வைத்து நாம் வாங்கக் கூடாது.

லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டிரோன் வகை மருந்தை வெளியிடும் கருப்பைச் சாதனம் இந்த விஷயத்தில் மிக நல்ல கருவி என்பது என் கருத்து. மருந்தை உட்சுவரிலேயே நேரடியாகச் சேர்க்கிறது. ஏட்டிபியா இல்லாத ஹைப்பர்ப்ளேசியாவுக்கு முதல் தேர்வும் அதுதான். முதல் மூன்று முதல் ஆறு மாதம் அவ்வப்போது படும், அந்தச் சமயத்தில்தான் பலர் எரிச்சலில் கழற்றிவிடுகிறார்கள். பிறகு மாதவிடாய் லேசாகும், சிலருக்கு நின்றும் விடும். உள்ளே கெட்ட இரத்தம் தேங்கிவிடும் என்ற பயம் வேண்டாம். உட்சுவர் வளரவே இல்லை, உதிர ஒன்றுமில்லை. ஹைப்பர்ப்ளேசியாவுக்குச் சிகிச்சை என்றால் குறைந்தது ஆறு மாதம், பிறகு மறுபடி பயாப்ஸி. "இப்போது நன்றாக இருக்கிறதே" என்று அந்த இரண்டாவது பயாப்ஸிக்குப் போகாமல் விடுவதுதான் ஆபத்து.

அதிக இரத்தப்போக்குக்கு அந்த நாட்களில் மட்டும் டிரானெக்சமிக் அமிலம், மெஃபனமிக் அமிலம் உதவும். தைராய்டு, புரோலாக்டின் குறைகளுக்கு அவற்றுக்கான மருந்து. பாலிப், ஒட்டல்களுக்கு ஹிஸ்டெரோஸ்கோபி. கூடுதல் எடை உள்ளவருக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே முட்டை வெடிக்கத் தொடங்கலாம். 80 கிலோ என்றால் நான்கு முதல் எட்டு கிலோ. மெலிந்தவருக்கு நேர் எதிர்: கூடுதலாகச் சாப்பிட்டு, உடற்பயிற்சியைக் குறைக்க வேண்டும். 'கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும்' பொடிகள், ஹார்மோனைச் சமன் செய்யும் விதைகள், தோலில் தடவும் புரோஜெஸ்டிரோன் கிரீம் எதுவும் உட்சுவரைக் காக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

படி 8: குழந்தைக்கு முயல்பவர்களுக்கு

7 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மெல்லிய உட்சுவர் என்பார்கள். கர்ப்பம் தங்கும் வாய்ப்பு குறைகிறது, இல்லாமல் போவதில்லை. 6 மி.மீ. உட்சுவரில் தங்கிப் பிறந்த குழந்தைகளும் உண்டு. முட்டை வெடிக்காததுதான் பிரச்சினை என்றால் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு இப்போது லெட்ரோசோலே முதல் மருந்து. க்ளோமிஃபீன் சிலருக்கு உட்சுவரை மெலிய வைக்கும், லெட்ரோசோலில் அந்தத் தொல்லை குறைவு.

ஐ.வி.எஃப். மையங்களில் கூடுதலாகச் சில சேவைகளைச் சொல்வார்கள். உட்சுவரை லேசாகக் கீறிவிடும் 'ஸ்க்ராட்சிங்' பற்றி 1,364 பெண்களிடம் நடந்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வில், கீறியவர்களுக்கும் கீறாதவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதம் ஒன்றாகவே இருந்தது. கரு வைக்கும் நாளைக் கணிக்கும் மரபணுப் பரிசோதனையும் 2022-இல் வெளியான ஆய்வில் பலன் காட்டவில்லை. பி.ஆர்.பி. (சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுச் செறிவு), சில்டெனாஃபில் (இரத்த ஓட்டத்தைக் கூட்டும் மருந்து) ஆகியவற்றுக்கு ஆதாரம் இன்னும் பலவீனம். பணம் கட்டும் முன், "இதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்று காட்டிய ஆய்வு எது?" என்று ஒரு கேள்வி கேட்பதில் தப்பில்லை.

படி 9: மாதவிடாய் நிற்கும் வயதில்

நாற்பதுகளின் நடுவில் முட்டை வெடிக்காத மாதங்கள் கூடுவதால் நாள் தள்ளுவதும் கொட்டுவதும் மாறி மாறி வரும். "இந்த வயதில் இப்படித்தான்" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனாலும் ஒரு ஸ்கேனும், தேவைப்பட்டால் ஒரு பயாப்ஸியும் எடுத்த பிறகே அப்படிச் சொல்ல வேண்டும்.

தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். உடல் சூட்டுக்கும் தூக்கமின்மைக்கும் ஹார்மோன் மாத்திரையோ பேட்ச்சோ எடுப்பவர்கள், கருப்பை இருந்தால் புரோஜெஸ்டிரோனைத் தாங்களாக விட்டுவிடக் கூடாது. மந்தமாக இருக்கிறது, உப்புசமாக இருக்கிறது என்று அதை மட்டும் நிறுத்துபவர்கள் உண்டு. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வகையையோ வழியையோ மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.